வைரஸுக்கு நம் செல் செய்து கொடுக்கும் வேலைகள்

பெங்களூரில் மழை விட்டுவிட்டுப் பெய்யும் மாதங்களில் அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம் என்று தமிழர் நிறைந்த எந்தப் பகுதிக்குப் போனாலும் டெங்கு பேச்சு இருக்கும். 2024 செப்டம்பரில் கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளைநோயாக அறிவித்தபோது அந்தப் பேச்சு இன்னும் கூடியது. பி.யு.சி. மாணவர்களுக்கு உயிரியல் சொல்லிக்கொடுப்பவன் என்பதால் அவர்களுடைய பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "டைஃபாய்டுக்கு மாத்திரை இருக்கு, புண்ணு சீழ் வச்சா மாத்திரை இருக்கு. டெங்குவுக்கு மட்டும் ஏன் சார் தண்ணி நிறைய குடிங்க, பாராசிட்டமால் போடுங்கன்னு அனுப்பிடறாங்க?"

மிக நல்ல கேள்வி. டைஃபாய்டைத் தருவது பாக்டீரியா. அது தனக்கு வேண்டிய எல்லாவற்றையும் தானே செய்துகொள்ளும் முழு உயிர். அதைச் சுற்றியிருக்கும் சுவர் நம் செல்லுக்குக் கிடையாது. புரதம் செய்யும் அதன் ரைபோசோமும் நம்முடையதிலிருந்து வேறுபட்டது. அந்த வேறுபாடுகளைக் குறிவைக்கும் மருந்து பாக்டீரியாவை அடிக்கும், நம்மைப் பெரிதாகத் தொடாது. வைரஸிடம் அப்படித் தனியாகக் குறிவைக்க மிகக் கொஞ்சமே இருக்கிறது. டெங்கு வைரஸின் மரபுச் செய்தி சுமார் 10,700 எழுத்துகள் கொண்ட ஒற்றை ஆர்என்ஏ இழை. அதிலிருந்து வருவது 10 புரதங்கள். எச்ஐவிக்கு ஏறத்தாழ 9,700 எழுத்துகள், 9 மரபணுக்கள். நம் செல்லிலோ புரதம் செய்யும் மரபணுக்கள் மட்டும் சுமார் 20,000. மீதி வேலைக்கெல்லாம் வைரஸ் நம்பியிருப்பது இந்த இருபதாயிரத்தைத்தான்.

வைரஸ் செல்லுக்குள் நுழைவதையும் தன்னை நகலெடுப்பதையும் பாடப்புத்தகங்கள் நன்றாகவே சொல்கின்றன. அதற்குப் பிறகு, "புதிய வைரஸ்கள் உருவாகி வெளியேறுகின்றன" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரிக்குள்தான் கடந்த முப்பது ஆண்டு வைரஸ் ஆராய்ச்சியின் மிக அழகான பகுதி இருக்கிறது என்று நினைக்கிறேன். செய்துவைத்த ஆர்என்ஏவும் புரதங்களும் செல்லுக்குள் சிதறிக் கிடக்கின்றன. அவை ஒன்றாகச் சேர்ந்து, சரியான வடிவெடுத்து, செல்லைவிட்டு வெளியே போக வேண்டும். இதை யார் செய்கிறார்கள்?

ஒரு பகுதியை வைரஸ் புரதங்களே செய்துகொள்கின்றன. 1955இல் கலிஃபோர்னியாவில் ஹைன்ஸ் ஃப்ரெங்கல்-கான்ராட், ராப்லி வில்லியம்ஸ் இருவரும் புகையிலை மொசைக் வைரஸைப் புரதம் தனியாக, ஆர்என்ஏ தனியாகப் பிரித்துவிட்டு, மறுபடி ஒரே குழாயில் கலந்தார்கள். இரண்டும் தாமாகவே சேர்ந்து, செடியில் நோய் உண்டாக்கக்கூடிய வைரஸாக மாறின. செல் இல்லை, உயிர் இல்லை, வெறும் கரைசல்தான்.

இதே பாதையில் நம் ஊரில் நடந்த வேலை ஒன்று உண்டு. இங்கே ஆட்டோக்காரர்கள் இன்றும் டாடா இன்ஸ்டிடியூட் என்று சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தில் எம்.ஆர்.என். மூர்த்தி, எச்.எஸ். சாவித்திரி ஆகியோரின் குழுக்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்தது அகத்திச் செடியைத் தாக்கும் ஒரு மொசைக் வைரஸ். அதன் ஓடு ஒரே புரதத்தின் 180 பிரதிகளால் ஆனது. அந்தப் புரதத்தின் மரபணுவை மட்டும் ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்தபோது, அங்கேயும் ஓடு தானாக உருவானது. வைரஸின் ஆர்என்ஏ பக்கத்தில் இல்லாததால், கைக்குக் கிடைத்த பாக்டீரியா ஆர்என்ஏவை உள்ளே அடைத்துக்கொண்டது. புரதத்தின் முன்நுனியை நீக்கிவிட்டால் 60 பிரதிகள் மட்டுமே கொண்ட சிறிய ஓடு வந்தது. எத்தனை சேர வேண்டும், எவ்வளவு பெரிதாக வளைய வேண்டும் என்ற கணக்கு அந்தப் புரதத்துக்குள்ளேயே எழுதியிருக்கிறது.

இதையெல்லாம் பார்த்தால் வைரஸுக்கு யார் துணையும் வேண்டாம் போலத் தோன்றும். ஆனால் குழாயில் நடப்பது வேறு, நெரிசலான செல்லுக்குள் நடப்பது வேறு. அங்கே புரதம் முதலில் சரியாக மடிய வேண்டும், சரியான இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். எச்ஐவி, டெங்கு, எபோலா போல் கொழுப்புச் சவ்வு போர்த்திய வைரஸாக இருந்தால், அந்தப் போர்வையைத் தரும் செல்லின் சவ்விலிருந்து பிரிந்தும் போக வேண்டும். ஒவ்வொன்றிலும் செல்லின் புரதங்கள் நிற்கின்றன.

மடிப்பதற்கு ஓர் உதாரணம் போலியோ. அதன் ஓட்டுப் புரதங்கள் முதலில் ஒரே நீண்ட சங்கிலியாக உருவாகி, பிறகு துண்டுகளாக வெட்டப்படுகின்றன. அந்தச் சங்கிலி வெட்டுவதற்கு ஏற்ற வடிவில் மடிய நம் செல்லின் எச்எஸ்பி90 என்ற உதவிப் புரதம் வேண்டும். செல்லின் எத்தனையோ புரதங்களைச் சரியாக மடிய வைப்பதுதான் அதன் அன்றாட வேலை. 2007இல் ஜூடித் ஃப்ரிட்மன், ராவுல் ஆன்டினோ குழுவினர் எச்எஸ்பி90ஐத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது போலியோ வைரஸ் பெருகவில்லை. அதைவிட முக்கியமான செய்தி, அந்த மருந்தை எதிர்த்து நிற்கும் வைரஸ் ரகம் அவர்களுடைய சோதனைகளில் உருவாகவே இல்லை. போலியோ தன் ஆர்என்ஏவை நகலெடுக்கும்போது ஏராளமான பிழைகள் செய்யும் வைரஸ். அந்தப் பிழைகளில் ஒன்றாவது மருந்திலிருந்து தப்பும் வழியாக அமைந்துவிடுவதுதான் வழக்கம். தனக்கு வேண்டிய கருவி நம்முடையதாக இருக்கும்போது, அதை மாற்றிக்கொள்ளும் உரிமை வைரஸிடம் இல்லை.

இந்தச் சார்பு எவ்வளவு ஆழமானது என்பதை எச்ஐவியில்தான் முழுமையாகப் பார்க்க முடியும். வேறெந்த வைரஸையும்விட இதில் ஒவ்வொரு படியும் துல்லியமாக ஆராயப்பட்டிருக்கிறது. நம் நாட்டில் இது முதலில் கண்டறியப்பட்டது 1986இல் சென்னையில், சுனிதி சாலமன், அவருடைய மாணவி நிர்மலா இருவரின் உழைப்பால். எச்ஐவியின் பல வகைகளில் இந்தியாவில் பரவியிருப்பது பெரும்பாலும் சி வகை. இது பின்னால் வேண்டியிருக்கும்.

எச்ஐவியின் உடலைக் கட்டுவது காக் என்ற புரதம். ரைபோசோமிலிருந்து அது வெளியே வரும்போதே செல்லின் என்சைம் ஒன்று அதன் தலையில் 14 கார்பன் நீளமுள்ள மிரிஸ்டிக் கொழுப்பமிலத்தை ஒட்டிவிடுகிறது. செல்லின் சொந்தப் புரதங்கள் பலவற்றைச் சவ்வில் நிறுத்துவதற்காக இருக்கும் ஏற்பாடு அது. அந்தக் கொழுப்பு நுனியோடு காக் செல்சவ்வின் உள்பக்கத்தில் போய் ஒட்டுகிறது. கொழுப்பு ஒட்டும் இடத்தை மாற்றிவிட்டால் புரதம் உருவாகும், ஆனால் சவ்வுக்குப் போய்ச் சேராது, வைரஸும் பிறக்காது.

சவ்வில் ஏறக்குறைய 2,500 காக் புரதங்கள் அறுகோணம் அறுகோணமாக அடுக்கி நிற்கின்றன. ஆறு புரதம் கூடும் வளையத்தின் நடுவில் நேர்மின்னேற்றம் குவிந்துவிடும். ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலை அடக்க எதிர்மின்னேற்றம் நிறைந்த ஒரு சிறு மூலக்கூறு வளையத்தின் மையத்தில் வந்து உட்காருகிறது. இனோசிட்டால் ஹெக்ஸாகிஸ்பாஸ்பேட் என்பது அதன் பெயர், சுருக்கமாக ஐபி6. இது புரதம் இல்லை, ஆனால் செல்லின் என்சைம்கள் செய்துவைப்பது. இந்தப் பங்கு 2018இல்தான் தெளிவானது. ராகியிலும் மற்ற தானியங்களிலும் பருப்புகளிலும் இருக்கும் ஃபைட்டிக் அமிலமும் இதே மூலக்கூறுதான். அதனால் ராகியைச் சந்தேகிக்கத் தேவையில்லை. நம் செல்கள் தமக்கு வேண்டியதைத் தாமே செய்துகொள்கின்றன, வைரஸ் எடுப்பது அதிலிருந்து.

காக் அடுக்கு வளைய வளையச் சவ்வும் வெளிப்பக்கம் புடைத்து மொட்டுப்போல் ஆகிறது. இதுவரை சரி. இப்போது மொட்டுக்கும் செல்லுக்கும் நடுவே ஒரு மெல்லிய கழுத்து மட்டும் மிச்சம். அதை அறுக்க காக் புரதத்தால் முடியாது. 1990களின் தொடக்கத்திலேயே இது கவனிக்கப்பட்டது: காக்கின் வால்பகுதியான பி6 என்ற துண்டைக் கெடுத்துவிட்டால் வைரஸ்கள் முழுதாக உருவாகி, செல்லின் மேல்பரப்பில் காம்போடு தொங்கிக்கொண்டே இருந்தன. மின்நுண்ணோக்கிப் படங்களில் அந்தக் காட்சியைப் பார்த்தால், கட்டி முடித்த பிறகு வெளியேறுவது எவ்வளவு பெரிய தடை என்பது உடனே புரியும்.

பி6இல் அப்படி என்ன இருக்கிறது? புரோலின், திரியோனின், அலனின், புரோலின் என்று நான்கே அமினோ அமிலங்கள். ஆராய்ச்சியாளர்கள் இதை பி-டி-ஏ-பி என்பார்கள். அறுக்கும் கருவி இதுவல்ல, கருவியை வரவழைக்கும் அழைப்பு மட்டும்தான். இந்த அழைப்பை ஏற்று வருவது செல்லின் டிஎஸ்ஜி101 என்ற புரதம் என்பதை 2001இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் வெஸ்லி சண்ட்குவிஸ்ட் குழு காட்டியது. டிஎஸ்ஜி101 தனி ஆள் இல்லை. எஸ்கார்ட் என்ற புரதக் கூட்டத்தின் முன்னணி உறுப்பினர். அதே காலத்தில்தான் ஸ்காட் எம்ர் என்பவரின் ஆய்வகம் ஈஸ்ட் செல்லில் எஸ்கார்ட் என்ன செய்கிறது என்று வெளிக்கொண்டுவந்தது. வைரஸ் ஆராய்ச்சியும் ஈஸ்ட் ஆராய்ச்சியும் ஒரே புரதக் கூட்டத்தில் வந்து சந்தித்தன.

செல்லுக்கு எஸ்கார்ட் எதற்கு? பழைய புரதங்களை அழிப்பதற்காகச் செல் அவற்றைச் சிறுசிறு குமிழ்களாக்கி ஒரு பைக்குள் தள்ளும். அந்தக் குமிழ்களை அறுத்துவிடுவது எஸ்கார்ட். செல் இரண்டாகப் பிரியும்போது கடைசி இணைப்பை அறுப்பதும் இதுதான், இது 2007இல் தெரியவந்தது. கிழிந்த சவ்வை அடைப்பது, உட்கருவின் உறையை மூடுவது ஆகியவற்றிலும் இதற்குப் பங்கு உண்டு. எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது ஒன்று: கழுத்தை உள்ளிருந்து அறுக்க வேண்டும். வெளியிலிருந்து சுற்றி இறுக்கி அறுக்கச் செல்லிடம் வேறு புரதங்கள் உண்டு. உள்ளிருந்து அறுக்க எஸ்கார்ட்தான் முதன்மையான வழி. வைரஸ் மொட்டின் கழுத்தும் அதே வகைதான். அதனால்தான் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத வைரஸ்கள்கூட இதே வாசலில் வந்து நிற்கின்றன. எபோலாவின் விபி40 புரதத்திலும் பி-டி-ஏ-பி இருக்கிறது.

அந்த அழைப்பையும் வைரஸ் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. டிஎஸ்ஜி101ஐ வரவழைக்கச் செல்லின் சொந்தப் புரதம் ஒன்று ஏறக்குறைய இதே நான்கெழுத்தைப் பயன்படுத்துகிறது. அப்புறம் நடப்பது வேகமாக நடக்கும். டிஎஸ்ஜி101 ஒரு பக்கம், அலிக்ஸ் என்ற இன்னொரு செல் புரதம் மறுபக்கம். இரண்டும் சிஎச்எம்பி என்ற புரதங்களைக் கழுத்துக்கு வரவழைக்கின்றன. அவை இழையிழையாகச் சேர்ந்து கழுத்தின் உள்சுவரில் சுருள்கின்றன. பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையின் கயிற்றை இழுத்தால் வாய் குவிவதுபோல் கழுத்து குவிகிறது. விபிஎஸ்4 என்ற என்சைம், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்து அந்த இழைகளைப் பிரித்தெடுக்க, வைரஸ் தனியே விடுபடுகிறது. ஆற்றலும் செல்லுடையது, என்சைமும் செல்லுடையது.

எல்லா வைரஸும் இப்படி இல்லை. இன்ஃபுளுவென்சா தன் எம்2 புரதத்தைக் கொண்டே கழுத்தை அறுத்துக்கொள்கிறது. கொரோனா வைரஸ் செல்லின் உள்சவ்வுகளுக்குள் உருவாகி, லைசோசோம் என்ற பைகளின் வழியாக வெளியேறுவதாக 2020இல் காட்டினார்கள்.

இந்த பி-டி-ஏ-பி கதையில் பெங்களூருக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பது இங்கே வாழும் நமக்கே பெரும்பாலும் தெரியாது. ஜக்கூரில் உள்ள ஜவாகர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் உதய்குமார் ரங்கா குழு சி வகை எச்ஐவியை நீண்டகாலமாக ஆராய்ந்துவருகிறது. சி வகையில் சில வைரஸ்கள் பி6இன் அந்தத் துண்டை இரட்டிப்பாக்கி, ஒன்றுக்கு இரண்டு பி-டி-ஏ-பி வைத்திருக்கின்றன. இதனால் வைரஸுக்கு உண்மையில் லாபம் உண்டா என்று அவர்கள் பார்த்தார்கள். இன்னும் மருந்து தொடங்காத, தேர்ந்தெடுத்த 50 இந்தியர்களில் 8 பேரின் உடலில் ஒற்றை ரகம், இரட்டை ரகம் இரண்டும் கலந்திருந்தன. காலம் போகப் போக என்ன ஆகிறது என்று ஆறு பேரின் வைரஸ்களைத் தொடர்ந்து வரிசைப்படுத்திப் பார்த்தபோது, இரட்டை ரகமே மேலோங்கி நின்றது. ஆய்வகத்தில் இரண்டையும் போட்டிக்கு விட்டபோதும் அதுதான் ஜெயித்தது. டிஎஸ்ஜி101ஓடு அதன் பிணைப்பும் வலுவாக இருந்தது. 2018இல் வெளியான ஆய்வு இது. நம் செல்லின் ஒரு புரதத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கமாகப் பிடித்துக்கொள்வதே வைரஸுக்கு வெற்றியாகிறது என்பதற்கு, நம் நாட்டு நோயாளிகளின் உடலிலிருந்தே கிடைத்த சான்று.

செல் சும்மா இருப்பதில்லை. டெதரின் என்ற புரதம், அறுபட்டு வெளியேறும் எச்ஐவியைச் செல்சவ்வோடு பிணைத்துப் பிடித்துக்கொள்ளும். அதைச் செயலிழக்கச் செய்வது எச்ஐவியின் விபியு என்ற புரதத்தின் முக்கிய வேலைகளில் ஒன்று. இருக்கும் ஒன்பது மரபணுவில் ஒன்றுக்கு இந்த வேலையும் இருக்கிறது என்றால், வாசலில் நடக்கும் சண்டை எவ்வளவு முக்கியமானது என்று பாருங்கள்.

இனி டெங்குவைப் பார்க்கலாம். அதன் கட்டுமானம் செல்சவ்வில் நடப்பதில்லை, செல்லுக்குள் இருக்கும் எண்டோபிளாச வலைப்பின்னல் என்ற சவ்வு வலையில் நடக்கிறது. பத்துப் புரதங்களும் ஒரே நீண்ட சங்கிலியாகத்தான் வருகின்றன. சில இடங்களில் வைரஸின் என்சைம் வெட்டுகிறது, சில இடங்களில் நம் செல்லின் சிக்னல் பெப்டிடேஸ் வெட்டுகிறது. 2016இல் மனித மரபணுக்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில், இந்த சிக்னல் பெப்டிடேஸின் ஒரு பகுதி இல்லாமல் போனாலே டெங்குவும் அதன் உறவு வைரஸ்களும் திணறின. உறைப்புரதத்தில் சர்க்கரைச் சங்கிலி ஒட்டுவதும், அதைச் செதுக்கி வடிவுக்குக் கொண்டுவருவதும் செல்லின் என்சைம்கள். இப்படி உருவாகும் துகள் முதலில் முட்கள் நிறைந்தது, அதனால் தொற்ற முடியாது. கால்ஜி என்ற சவ்வு அடுக்குகளின் வழியாகப் போகும்போது 180 உறைப்புரதங்களும் படுத்துக்கொள்ள, ஃப்யூரின் என்ற செல் என்சைம் பிஆர்எம் என்ற வைரஸ் புரதத்தை வெட்டுகிறது. அப்போதுதான் அது வழவழப்பான, தொற்றக்கூடிய வைரஸ் ஆகிறது. நம் ஹார்மோன்களையும் வளர்ச்சிக் காரணிகளையும் பக்குவப்படுத்தும் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் ஃப்யூரின்.

அப்படியானால் அந்தச் செல் என்சைம்களைத் தடுத்தால் என்ன? முயன்றார்கள். சர்க்கரையைச் செதுக்கும் ஆல்ஃபா குளுக்கோசிடேஸைத் தடுக்கும் செல்கோசிவிர் என்ற மருந்தைச் சிங்கப்பூரில் 50 டெங்கு நோயாளிகளிடம் சோதித்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து பாதுகாப்பாகவே இருந்தது. ஆனால் வைரஸ் அளவும் காய்ச்சலும் குறிப்பிடும்படி குறையவில்லை. டெங்குவில் காலமும் எதிரி. காய்ச்சல் வந்து, டாக்டரைப் பார்த்து, ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்குள் ரத்தத்தில் வைரஸ் உச்சத்தைத் தாண்டி இறங்கத் தொடங்கிவிடும். எச்எஸ்பி90ஐத் தடுக்கும் மருந்துகளைப் புற்றுநோய்க்காகச் சோதித்தபோது பக்கவிளைவுகள் பெரிய இடைஞ்சலாக இருந்தன. எஸ்கார்ட்டை முழுதாக நிறுத்தினால் நம் செல்கள் பிரிவதே சிக்கலாகும். வைரஸ் மாற்றிக்கொள்ள முடியாத கருவி நாம் இழக்க முடியாத கருவியாகவும் இருக்கிறது.

இந்த முடிச்சை அவிழ்க்க எனக்கு நம்பிக்கை தரும் வழிகள் இரண்டு. முதல் வழி, செல்லின் புரதத்தை விட்டுவிட்டு, அது வந்து பொருந்தும் குழியை வைரஸின் பக்கத்தில் அடைப்பது. லெனகாபவிர் அப்படி அமைந்த மருந்து. எச்ஐவி ஓட்டில் சிபிஎஸ்எஃப்6, நுப்153 என்ற நம் செல் புரதங்கள் வந்து ஒட்டும் அதே குழியில் இது போய் அமர்ந்துகொள்கிறது. செல் புரதங்கள் நெருங்க முடிவதில்லை. புதிதாகக் கட்டும் ஓடுகளும் கோணலாகின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட்டால் போதும். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த தடுப்புச் சோதனையில் இந்த ஊசி போட்ட 2,134 இளம்பெண்களில் ஒருவருக்குக்கூட எச்ஐவி தொற்றவில்லை என்று 2024இல் அறிவித்தார்கள். மலிவான பதிப்பைத் தயாரிக்க உரிமம் பெற்றவற்றில் இந்திய நிறுவனங்களும் இருக்கின்றன.

இரண்டாவது வழியைக் காட்டியது ஒரு குரங்கு. தென் அமெரிக்காவின் அணில் குரங்குகளிலும், தனியாக எலிகளிலும், சிஎச்எம்பி3 என்ற எஸ்கார்ட் மரபணுவின் குட்டையான நகல் ஒன்று பரிணாமத்தில் உருவாகியிருப்பதை 2021இல் யூட்டாவைச் சேர்ந்த குழு வெளியிட்டது. மூல மரபணுவை அப்படியே குட்டையாக்கினால் வைரஸும் நிற்கும், செல்லும் செத்துவிடும். இந்த விலங்குகளின் நகலிலோ கூடுதல் மாற்றங்கள் சேர்ந்து அந்த நச்சுத்தன்மை குறைந்திருக்கிறது. அது எஸ்கார்ட்டை நிறுத்துவதில்லை, கொஞ்சம் தாமதப்படுத்துகிறது. செல் பிரிவதற்கு அந்தத் தாமதம் பெரிய குறையாக இல்லை, எச்ஐவி வெளியேறுவதற்கோ அது பெரும் தடையாகிறது. செல்லின் சொந்தக் கருவியைத் தொட்டும் செல்லைக் கெடுக்காமல் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று நான் படித்ததில்லை. இதே தாமதத்தை ஒரு மருந்தால் உண்டாக்கி, இரண்டு பி-டி-ஏ-பி வைத்து டிஎஸ்ஜி101ஐ இறுக்கிப் பிடிக்கும் சி வகை வைரஸின் மேல் சோதிக்க வேண்டும், அதை நம் நாட்டு ஆய்வகங்கள் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. உலகில் எச்ஐவியோடு வாழ்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் உடலில் இருப்பது சி வகைதான்.